வாயை மறைக்கும் கை

திரையில் ராதாமேஸ் உதட்டைக் குவித்து லிஃப்ட் இருக்கும் பக்கத்தைக் காட்டினான். காட்டிய மறுகணமே புறங்கையைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டான். அடுத்த வீடியோத் துண்டில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்ற யொகைரா உதட்டைக் குவித்து நீச்சல் குளத்தைக் காட்டினாள். அவளும் அதே மாதிரி புறங்கையால் வாயை மறைத்துக்கொண்டாள். ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெல்கிஸுக்கு வயிறு பற்றி எரிந்தது. ராதாமேஸ் அவளுடைய புருஷன். யொகைரா அவளுக்குக் கீழே வேலை பழகும் பெண்.

"அடேயப்பா! ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரியில்ல இருக்கு!" என்றாள் சலவைப் பகுதியின் தீக்னா. மண்டபமே சிரித்தது. ராதாமேஸும் சிரித்தான். அதுதான் பெல்கிஸுக்குத் தாங்கவில்லை.

உடல்மொழி சொல்லித்தரத் தலைநகரிலிருந்து வந்திருந்த மார்லெனி, முன்தினமே எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வரவேற்புக் கூடத்தின் மூலையில் கேமராவை வைத்திருந்தாள். அரைமணி நேரத்தில் எல்லாரும் அதை மறந்துபோனார்கள். இப்போது சத்தத்தை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினாள். "வாய் பொய் சொல்லும், உடம்பு சொல்லாது. உதட்டால திசை காட்டுறத மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க. நமக்குப் புரியும். வெளிநாட்டுக்காரன் முத்தம் கேக்குறீங்கன்னு நெனச்சுக்குவான்" என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு. காலையில் அவள் சொன்ன இன்னொன்றுதான் பெல்கிஸின் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. மனசு ஒட்டிப்போன இரண்டு பேர், தங்களை அறியாமலே ஒருவரைப் போல் ஒருவர் செய்வார்களாம்.

இந்தச் சந்தேகம் இன்று முளைத்ததல்ல. யொகைரா வந்து சில வாரங்களிலேயே அந்தக் கையை பெல்கிஸ் கவனித்துவிட்டாள். முத்துக் கோத்தது போலப் பல்வரிசை உள்ள பெண், வாயை எதற்கு மறைக்க வேண்டும்? பிறகு ஒரு நாள் வாசலில் பெட்டி தூக்கும் ஆட்களை ஏவிக்கொண்டிருந்த ராதாமேஸும் அதையே செய்தான். அவன்தான் அவர்களுக்கு மேஸ்திரி. எப்போதிருந்து இப்படிச் செய்கிறான் என்று யோசித்துப் பார்த்தாள், நினைவு வரவில்லை. கட்டின புருஷனை யார் அப்படி உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறார்கள்? இவள் வந்த பிறகுதான் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவன் சட்டையை இஸ்திரி போடும்போது காலரை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனையைத் தவிர ஒன்றும் இல்லை. அது அவளுக்கு நிம்மதியாக இல்லை, ஏமாற்றமாகத்தான் இருந்தது.

காலையில் மேனேஜர் தொன் எலிசேயோ அவளை ஓரமாகக் கூப்பிட்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்குப் பழகுற காலம் இன்னையோட முடியுது பெல்கிஸ். வெச்சுக்கலாமா, அனுப்பிடலாமா? சாயங்காலத்துக்குள்ள சொல்லு. உன் பேச்சுதான்." யொகைரா கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, விடியுமுன் சோசுவா ஊரில் வண்டியேறி வருகிறவள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அனுப்பிவிடுங்கள் என்று சொல்லத்தான் பெல்கிஸ் நாள் முழுக்க வாய்ப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் ராதாமேஸ் காப்பியோடு வந்தான்.

"என்னடி, மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிருக்க?"

"அந்தக் கைய எங்க கத்துக்கிட்ட?"

"எந்தக் கைய?"

"ஒண்ணும் தெரியாத பச்சப் புள்ள!"

அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. "உனக்குப் பசி. அதான் எரிஞ்சு விழுற" என்று சொல்லி, வறுத்த பாலாடைக்கட்டி வைத்திருந்த தட்டை உதட்டால் காட்டினான். காட்டிவிட்டு வாயை மறைத்தான். அவள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கடைசித் துண்டு அவளுடையது. முதலில் அது தான்தான் என்றே பெல்கிஸுக்குப் படவில்லை. தோள் கூனிய ஒரு பெண் யாரோ ஒரு கிழவருக்கு வழி சொல்கிறாள். உதடு குவிகிறது. உடனே புறங்கை எழுந்து வாயை மறைக்கிறது.

"அடியே! வாத்தியாரம்மாவே இவதான்!" என்று தீக்னா கத்தினாள்.

பெல்கிஸ் தன் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் கடற்கரைச் சுவரிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்தது. முதல் சம்பளத்தில் பல் கட்டிக்கொள்ளும் வரை வாயை மறைத்தே வளர்ந்தாள். பல் சரியாகிவிட்டது, கை மட்டும் மறக்கவில்லை. அந்தக் கதையை அவள் ராதாமேஸிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அவனுடைய கை இவளிடமிருந்து வந்தது. ஒரு கணம் நெஞ்சு லேசானது. மறுகணமே பழைய நெருப்பு வேறு பக்கமாகப் பிடித்துக்கொண்டது. தன்னுடையதை எடுத்துக் கொண்டுபோய் அவன் யொகைராவுக்குக் கொடுத்திருக்கிறான். ஒருத்தருடைய வாயை எவ்வளவு நேரம் பார்த்தால் இதெல்லாம் ஒட்டிக்கொள்ளும்!

சாயங்காலம் இரண்டு பேருந்துகள் ஒன்றாக வந்து நின்றன. கூடம் முழுக்கப் பெட்டியும் பிள்ளைகளும். பெல்கிஸின் ஒரு கையில் அறைச் சாவிகள், மறு கையில் பாஸ்போர்ட்டுகள். கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து தொன் எலிசேயோ அவளைப் பார்த்து மூக்கைச் சுருக்கினார். என்ன முடிவு என்று கேட்கிறார். கத்தினாலும் கேட்காது. வாசலைக் காட்டினால் போதும், யொகைரா நாளை வரமாட்டாள். மேசையைக் காட்டினால் இருப்பாள்.

யொகைராவும் அந்த மூக்கைப் பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. வாசலில் ராதாமேஸ் யாருடைய பெட்டியோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் அவள் திரும்பக்கூட இல்லை. பெல்கிஸின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாக, ஒவ்வொரு விருந்தாளிக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவள் பார்த்து நின்ற வாய் அது.

பெல்கிஸின் உதடு மேசைப் பக்கம் குவிந்தது. சாவிகள் கிலுங்க அவள் கை மேலே எழுந்தது. அது வாயை எட்டுவதற்குள், பக்கத்தில் நின்ற யொகைரா புறங்கையைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டாள்.