வீட்டில் இன்னொரு மூக்கு

"மூக்குக்குள்ள தண்ணி ஊத்தாதீங்க தம்பி. ஈரத்துணியால துடைச்சா போதும்" என்றார் பள்ளிவாசல் மோதினார் பரக்கத் அலி.

ஹாலித் துணியை விரலில் சுற்றி அத்தாவின் நாசியைத் துடைத்தான். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்த அத்தா கலீல், கை கால் கழுவி ஒளு செய்யும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், பிறகு எழவில்லை.

லேசுப்பட்ட மூக்கா அது? பெரிய கடை வீதியில் நாற்பது வருடம் அத்தர் விற்ற மூக்கு. ஒன்பது வருடங்களுக்கு முன் மூளையின் அடிவாரம் வரை கேமராக் குழாய் போய் வந்ததும் அதன் வழியாகத்தான். கண் நரம்புக்குக் கீழே கட்டி. பார்வை இரண்டு ஓரங்களிலும் இருட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் பிராங்க்ளின் அவசரமே படாத மனிதர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மூக்கை வரைந்து, இரண்டு வழிகளைக் காட்டினார்.

"ஒரு துவாரம் வழியா மட்டும் போனா வாசனை அநேகமா தப்பிச்சிரும். ஆனா இடம் கம்மி. கட்டியில கொஞ்சம் நின்னுபோச்சுன்னா பார்வைக்கு உத்தரவாதம் இல்ல. ரெண்டு துவாரத்தையும் சேத்துத் திறந்தா, ஒருத்தர் கேமரா பிடிப்பாரு, நான் ரெண்டு கையாலயும் வேலை பாப்பேன். சுத்தமா எடுத்துரலாம். வாசனைதான் போயிடலாம். எது வேணும்னு நீங்கதான் சொல்லணும் பாய்."

அத்தா அப்போது ஹாலிதை டீ வாங்க அனுப்பினார். அவன் திரும்பி வந்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். பார்வை முழுசாக வந்தது. அத்தா பழையபடி கடையில் குப்பியை மூக்கருகே தூக்கி, கண்ணை மூடித் திறந்து, "இதான் உங்களுக்கு" என்று வந்தவர்களிடம் நீட்டினார். ஒரு துவாரம் வழியாகத்தான் போயிருக்கிறார்கள், வாசனை தப்பிவிட்டது என்று ஹாலித் முடிவு கட்டிக்கொண்டான்.

குளிப்பாட்டி முடிந்தது. "கபன் துணிக்கு அத்தர் கொண்டாங்க" என்றார் மோதினார்.

அலமாரியில் அத்தாவின் சொந்தக் குப்பிகள் பதினைந்து இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, கழுத்தில் கலர் நூல்தான். திருஷ்டிக்குக் கட்டியது என்று அவன் நினைத்திருந்த நூல். இன்றைக்கென்று தப்பான அத்தரை அத்தாவின் மேல் பூசிவிடக் கூடாதே. எல்லாவற்றையும் தட்டோடு அம்மா முன் கொண்டுபோய் வைத்தான்.

"எதும்மா சந்தனம்?"

"சிவப்பு நூல்" என்றாள் ஷரபுன்னிசா.

"அத்தா மோந்து பாத்துதானே எடுப்பாங்க?"

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அவங்களுக்கு வாசனை போயி ஒம்பது வருஷம் ஆச்சு. வர்ற சரக்கையெல்லாம் நான் மோந்து பாத்து நூல் கட்டுவேன். அவங்க நூலைப் பாத்து விப்பாங்க. உனக்குத் தெரிஞ்சா கடையை மூடச் சொல்லிருவன்னு உங்கிட்ட சொல்லல."

ஒன்பது வருடத்தில் ஒருவருக்கும் குப்பி மாறிப்போனதில்லை. இப்படியும் இரண்டு பேர் தன் வீட்டிலேயே இருந்திருக்கிறார்களா என்று ஹாலித் தட்டிலிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"டாக்டர்கிட்ட என்னதான் சொன்னாங்க?"

"ரெண்டையும் திறந்துருங்க டாக்டர், எங்க வீட்ல இன்னொரு மூக்கு இருக்குன்னாங்க."

அவள் குப்பியைத் திறந்தாள். எப்போதும் புறங்கையில் ஒரு சொட்டு தேய்த்துப் பார்ப்பவள். கணவனை இழந்தவள் இருக்கும் இத்தா முடியும் வரை இனி வாசனை பூசக் கூடாது. மூக்கருகே மட்டும் கொண்டுபோய், கண்ணை மூடித் திறந்தாள்.

"இதான்."

சிவப்பு நூலை அவிழ்த்துக்கொண்டு, குப்பியை மட்டும் மகன் கையில் கொடுத்தாள்.