அக்கா கார், தங்கச்சி கார்

அந்தத் தொழிற்சாலையில் இரண்டு கம்பெனிகளின் குட்டி எஸ்யூவிகளும் ஒரே வரிசையில்தான் நகர்ந்து வரும். அடிச்சட்டம் ஒன்று, எஞ்சின் ஒன்று, பிரேக் ஒன்று. கடைசியில் முன்பக்கத்தை மாட்டி முத்திரை ஒட்டும்போதுதான் எது யாருடையது என்று தெரியும். விலை கூடியது தொழிற்சாலையின் சொந்தக் கம்பெனிக் கார்; அதைத் தொழிலாளிகள் அக்கா என்பார்கள், மற்றதைத் தங்கச்சி. விளம்பரத்தில் இரண்டும் தனித்தனியாக மலையேறும், லட்சணம் ஒன்றுதான்.

வரிசையின் சூப்பர்வைசர் தன் தங்கையைத் தங்கச்சி காரைத்தான் வாங்க வைத்தார். "முத்திரைக்கு எதுக்குத் தண்டம் அழறே? ரெண்டும் என் கண்ணு முன்னாடிதான் பொறக்குது" என்று பெருமை வேறு.

அன்று காலைக் கூட்டத்தில் அந்தப் பெருமையில் மண் விழுந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாய் ஒரு கிளிப்பில் உரசி, நாளடைவில் ஓட்டையாகிறதாம். அக்கா கார்கள் எல்லாவற்றையும் திரும்ப அழைத்துக் குழாயை மாற்றித் தரப்போகிறார்கள்.

"அப்ப தங்கச்சி, சார்?" என்றார் சூப்பர்வைசர்.

மேனேஜர் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். "அது நம்ம கார் இல்லையே."

"நாமதானே சார் செஞ்சோம்?"

"செஞ்சோம். விக்கறது அவங்க. கமிட்டி போட்டுப் பாத்து அவங்களே சொல்லுவாங்க. அதுவரைக்கும் எவனாவது வெளிய வாயைத் திறந்தா வேலை போயிடும்."

எல்லோரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். நனைந்த பிஸ்கட் உடைந்து டீக்குள் விழ, மேனேஜர் விரலால் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிஸ்கட்டினாலா, பேச்சினாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதுகளெல்லாம் ஒரு ஜென்மம்!

கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளைதான் எடுத்தார். கூட்டத்தில் நடந்ததை, வேலை போகும் என்று மிரட்டியது உட்பட, ஒரே மூச்சில் கொட்டினார். "காரைத் தொடாதீங்க மாப்பிள்ளை. குழந்தைங்களை ஏத்தவே ஏத்தாதீங்க."



"நல்லவேளை சொன்னீங்க மச்சான். எதிர் வீட்டு டீச்சரம்மா இந்த வண்டியை ரொம்ப நாளாக் கேக்கறாங்க. சேதி வெளிய வர்றதுக்குள்ள அவங்க தலையில கட்டிடறேன்."

"அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குல்ல?"

"கை மாறிட்டா அப்புறம் அது நம்ம கார் இல்லையே மச்சான்."

அச்சு அசல் அதே வார்த்தை. மேனேஜரையும் மாப்பிள்ளையையும் ஒரே வரிசையில் செய்து, முத்திரையை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பார்கள் போலிருக்கிறது. அதைவிடக் கேவலம், எப்படியோ தங்கை தப்பித்தாள் என்று அவர் நெஞ்சிலும் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததுதான். த்தூ என்று பீங்கானில் துப்பினார்.

"டீச்சரம்மா நம்பரைச் சொல்லுங்க."

"எதுக்கு? உங்க வேலைக்கு உலை வெச்சுக்கப் போறீங்களா?"

"போனாப் போகட்டும். சொல்லுங்க."

மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார். சூப்பர்வைசர் முகத்தைக் கழுவிக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தங்கையின் எதிர் வீட்டுக்குக் கிளம்பினார்.