கணக்கில் வராத நான்கு பட்டறைகள்

பெரியவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது மூன்றாவது பட்டறையில்.

தொழிற்சாலைகளுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் தேவை, வருகிறவர்களுக்கு எந்த வேலை தெரியவில்லை, பயிற்சி மையங்கள் என்னதான் சொல்லித்தருகின்றன என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது அவள் உத்தியோகம். இந்த முறை வெல்டிங். பதினொரு பட்டறை, பதினொரு படிவம். முதல் இரண்டு இடத்தில் வழக்கமான புலம்பல்: "சான்றிதழ் இருக்கும்மா, கையில வேலை இல்ல." மூன்றாவது இடத்தில் மேஸ்திரி சிரித்தார்.

"எங்களுக்கு ஆள் பஞ்சமே இல்லம்மா. பயிற்சி மையத்துல ஒரு டீச்சரம்மா இருக்காங்களே, அவங்ககிட்ட படிச்சு வந்தா கண்ணை மூடிக்கிட்டு வேலை கொடுத்துடுவோம்."

அந்த டீச்சரம்மா வேறு யாருமல்ல, பெரியவளின் கூடப்பிறந்த தங்கை. பத்தாவதில் கோட்டைவிட்டு வெல்டிங் படிக்கப் போனவள்.

இன்னும் மூன்று பட்டறைகளில் இதே பாட்டு. ஒருவர் முகச்சாயலைப் பார்த்து, "அவங்க அக்காவா நீங்க!" என்று ஓடிப்போய் நாற்காலி எடுத்து வந்தார். இருபது வருடம் படித்துக் கிழித்தவளுக்குத் தங்கை பேரால் ஒரு நாற்காலி! வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? சின்னவள் பற்றவைத்த வாசல் கேட்டை அப்பா வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஆட்டிக் காட்டுவார். பெரியவளின் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "நிறைய எழுதியிருக்கியேம்மா" என்பார். அவ்வளவுதான்.

அந்த நான்கு படிவங்களையும் 'விதிவிலக்கு' என்று ஒதுக்கினாள். மற்றதோடு ஒட்டாத பதிலை ஆராய்ச்சியில் நீக்கலாம்தான், ஆனால் காரணம் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. தங்கையின் புகழ் தன் அறிக்கையில் ஏறக்கூடாது, அதுதான் அவள் ஆசை. மிஞ்சிய ஏழு பட்டறைகளும் அந்த மையத்திலிருந்து ஆளே எடுத்ததில்லை. அவர்களுடைய புலம்பலை மட்டும் கூட்டிப் பார்த்தால் மையத்தின் வெல்டிங் வகுப்பே தண்டம் என்று வந்தது. மேலிடம் அதைப் பிடித்துக்கொண்டது. வகுப்பை மூடுவது பற்றி முடிவெடுக்க இன்று மூன்று மணிக்குக் கூட்டம்.

மதியம் சின்னவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். சட்டைக் கையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, வேற யாரு எழுதியிருந்தாலும் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும். எங்கேயோ தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன். அந்தப் பட்டறைங்க பேரைக் கொடு. போய் என்ன குறைன்னு கேட்டுட்டு வரேன்."

பாவி, இவள் ஒரே ஒரு தடவையாவது கெட்டவளாக இருந்து தொலைக்கக் கூடாதா! அந்த நேரத்திலும் பெரியவளுக்கு அதுதான் தோன்றியது. தோன்றியதும் தன் மேலேயே அருவருப்பு வந்தது. மேசை டிராயரைத் திறந்து நான்கு படிவங்களையும் நீட்டினாள்.

சின்னவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். முதலில் முகம் மலர்ந்தது. கடைசியில் தேதியைப் பார்த்தாள்.

"போன மாசமே வாங்கியிருக்கே. இது ஏன் அறிக்கையில இல்ல?"

"பொறாமைடி" என்றாள் பெரியவள். "சின்ன வயசுலேர்ந்தே."

சின்னவள் படிவங்களை அடுக்கித் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு மணிக்கு இதை நீ வாசிக்கிறியா, இல்ல நான் வாசிக்கட்டுமா?"