சூடான டீயும் நல்ல மனிதரும்

சூடான எதையாவது கையில் வைத்திருப்பவர்கள் முன்பின் தெரியாதவரையும் நல்லவர் என்று நம்பிவிடுவார்கள் என ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர் எப்போதோ ஆய்வு செய்து பெயர் வாங்கியிருந்தார். அது மெய்தானா என்று பார்க்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் இணையத்தில் கூடி, அதே சோதனையை அவரவர் ஊரில் மறுபடி செய்துகொண்டிருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துக்கு உளவியல் மாணவி ஸ்ருதி.

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் ராமராஜனின் டீக்கடை. வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சூடான டீ, மீதிப் பேருக்கு ஜில்லென்று ரோஸ்மில்க். கிளாஸ் கையில் இருக்கும்போதே ஒரு போட்டோவைக் காட்டி, இவர் எப்படிப்பட்டவர் என்று ஸ்ருதி கேட்பாள்.

மற்ற நாடுகளில் ஒன்றும் தேறவில்லை. ஐயம்பேட்டையில் மட்டும் டீ குடித்த அத்தனை பேரும் தங்கமான மனிதர் என்றார்கள். ஒருவர், இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டில் பெண் இருக்கிறது என்றார். ரோஸ்மில்க் குடித்தவர்களுக்கோ அதே முகம் திருட்டு முழியாகத் தெரிந்தது. பேராசிரியர் பூரித்துப்போய் வாழ்த்து அனுப்பினார். ஸ்ருதிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள், தறி வேலைக்குப் போகிற அன்னம்மாள் டீயை வாங்கியதுமே, “ரொம்ப நல்லவருமா,” என்றாள்.

“நான் இன்னும் போட்டோவே எடுக்கலையேம்மா.”

“எடுக்காட்டி இன்னா? டீ சூடாத்தானே இருக்குது.”

ஸ்ருதி திரும்பினாள். ராமராஜன் மும்முரமாகப் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். அவள் போனில் பேசியதைக் கேட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டு, வந்தவர்கள் காதில் எல்லாம் ஓதிவைத்திருக்கிறார்.

“இவ்ளோ படிச்சிக்கினு நம்ப கடையாண்ட வந்து நிக்கிற. உனுக்குத் தப்பா வந்துடக் கூடாதில்ல?”

அவளுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. எதிர்பார்த்தது வராமல் போனாலும் அதுவும் ஆய்வில் ஒரு முடிவுதான் என்று விளக்கிப் பார்த்தாள். அவர் நம்பவில்லை.

செய்ததையெல்லாம் தள்ளிவிட்டு, மாகறலில் வேறொரு கடையில், கடைக்காரருக்கே காரணம் தெரியாமல், முதலிலிருந்து தொடங்கினாள். டீயோ ரோஸ்மில்க்கோ, யாரென்றே தெரியாதவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று மாகறல்காரர்கள் அவளையே திருப்பிக் கேட்டார்கள்.

அந்த வார வீடியோ கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்; பேராசிரியரும்தான். பிரேசில்காரி ஒருத்தி மட்டும், முதல் ஆய்வில் காபி எடுத்துக் கொடுத்தது யார் என்று அவரிடம் கேட்டாள்.

தன்னிடம் படித்த மாணவி என்றார் அவர். தன்மேல் அவ்வளவு மரியாதை வைத்திருந்தவள் என்று சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.