நாய் படுக்காத சாயங்காலம்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூங்காவின் மேல் சூரியன் மறையவில்லை. காரணம் சாதாரணமானது: நாய் படுக்கவில்லை. மேற்கே தண்ணீர்த் தொட்டியின் விளிம்புவரை இறங்கி வந்த சூரியன் அங்கேயே நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்தன, கடைகள் கதவை இறக்கின, ஊர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வேலைக்குப் போனது. வேலிக்கு உள்ளே மட்டும் ஐந்தரை மணி வெயில் புல்லின் மேல் சாய்வாக விழுந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை பால் வாங்கப் போனவர்கள் எட்டிப் பார்த்து, "இங்க இன்னும் நேத்து முடியலை போல" என்று சொல்லிவிட்டுப் பாலுக்கு நேரமாகிறதே என்று நடையைக் கட்டினார்கள்.

நாய் லென்ஸ்காரம்மாவின் வீட்டு நாய். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து, விளிம்பு சீவி, சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பதினொரு வயதில் ஒரு மகள். ஈர்க்குச்சியாக வந்து சேர்ந்த குட்டிக்குத் தடியன் என்று பெயர் வைத்தது மகள்தான், அதுவும் பெயரைக் காப்பாற்ற வேண்டுமே என்று தின்று கொழுத்தது. ஞாயிறு தவறாமல் நாலு பேரும் பூங்காவுக்கு வருவார்கள். தடியனைச் சேர்த்துத்தான் நாலு. பாய், பிளாஸ்க் டீ, பிஸ்கட், ஒரு பச்சைப் பந்து. மகள் சின்னவளாக இருந்தபோது கிளம்பும் நேரமெல்லாம் தரையில் புரண்டு ஊரைக் கூட்டுவாள். அதற்காக லென்ஸ்காரம்மா ஒரு சட்டம் போட்டாள்: தடியன் படுத்தால் கிளம்ப வேண்டும், படுக்காதவரை யாரும் கிளம்பலாமா என்று வாயைத் திறக்கக் கூடாது. பந்துக்கு ஓடி ஓடிக் களைத்து, தடியன் செருப்புகளுக்குப் பக்கத்தில் நீட்டிப் படுக்கும். மகள் மூச்சுவிடாமல் பாயைச் சுருட்டுவாள். அப்போதுதான் பொழுதும் சாயும். வருஷக்கணக்காக இதைப் பார்த்துப் பார்த்துச் சூரியனுக்கும் அந்தச் சட்டம் பழகிப்போயிருக்கும் என்று பிற்பாடு ஊரில் பேசிக்கொண்டார்கள். அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

அந்த ஞாயிறு கடைசி ஞாயிறு. மறுநாள் காலை பஸ்ஸில் லென்ஸ்காரம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதாக முடிவாகியிருந்தது. அங்கே பெரிய கண்ணாடிக் கடையில் வேலை, கடைக்கு மேலேயே ஒரு அறை. இரண்டு பெட்டிகள் கட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் நின்றன. அடி, உதை, குடி, இன்னொருத்தி என்று காரணம் தேடியவர்கள் ஏமாந்துபோனார்கள். மெக்கானிக் தங்கமான மனுஷர், பேசமாட்டார், அவ்வளவுதான். அதுவும் வீட்டில் மட்டும். வேலை இடத்தில் அவர் பேச்சுக்கு ஊரே சாட்சி சொல்லும். இரண்டு மாடிக்கு நடுவில் லிப்ட் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவிடுக்கில் வாயை வைத்து, கதவு திறக்கும்வரை விடாமல் பேசுவது அவர் வழக்கம். "பயப்படாதீங்க, காத்து வருது, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன், உங்க பேரு என்ன, பசங்க எத்தனை பேரு?" கேட்டவர்களுக்கு நடுக்கம் நின்றுவிடும். கதவு திறந்ததும் அவர் வாய் மூடிக்கொள்ளும். சாமானைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார், சோற்றைப் பிசைவார், "உப்பு" என்பார், "ம்" என்பார், தூங்குவார். ஒருமுறை லென்ஸ்காரம்மா பொறுக்க முடியாமல், "என்னையும் லிப்டுக்குள்ள வச்சு அடைச்சாதான் பேசுவீங்களா?" என்று கேட்டாள். அதற்கும் "ம்" என்றார். "பொண்ணு என்கூட வரட்டும், நாய் உங்ககூட இருக்கட்டும்" என்றபோதும் அதே "ம்". மனுஷர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் பெட்டியைப் பிரித்திருப்பாள்.

ஆக, நாய் படுத்தால் கிளம்ப வேண்டும், கிளம்பினால் விடியும், விடிந்தால் பஸ். மகள் கணக்கில் கெட்டி. பந்தை எடுத்தாள், எறிந்தாள், தடியன் கொண்டுவந்து போட்டது, மறுபடியும் எறிந்தாள். அது முன்னங்காலை மடிக்கும் நேரம் பார்த்து எறிந்தாள். நாய் படுக்காமல் மகள் வரமாட்டாள், மகள் இல்லாமல் லென்ஸ்காரம்மா போக முடியாது, பொழுது சாயாமல் காவல்காரர் கேட்டைப் பூட்ட முடியாது. பொழுது சாய்ந்ததும் மூட வேண்டும் என்றுதான் அவருக்கு உத்தரவு. கை வலிக்கும்வரை சாவியை ஆட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு உள்ளே இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கிளிக்கூண்டோடு வரும் பெரியவர்தான் அதிகம் புலம்பினார். இருட்டினால் வாயை மூடும் கிளி, இருட்டாததால் பேசிக்கொண்டே இருந்ததாம். "என் காதே போச்சு தாயி, அந்த நாயைக் கொஞ்சம் தட்டிப் படுக்க வையேன்" என்று கெஞ்சிவிட்டுக் கூண்டைச் சட்டையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினார்.

வெளியே மழைக்காலம் வந்து போனது. வேலிக்கு அந்தப் பக்கம் குடைகள் போயின, இந்தப் பக்கம் புல் காய்ந்தே இருந்தது. பிளாஸ்க்கில் டீ ஆறவும் இல்லை, குறையவும் இல்லை. மகளின் நகம் வளரவில்லை, தலைமுடி வளரவில்லை, ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பால்பல் விழவில்லை. வகுப்பு டீச்சர் ஒருநாள் வந்து, இவள் இன்னும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இருக்கிறாள் என்பதைக் கண்ணால் பார்த்து, விடுமுறை என்று எழுதிக்கொண்டு போனார். வெளியூர்க் கண்ணாடிக்கடைக்காரர் சொல்லி அனுப்பினார்: லென்ஸ் தேய்க்கத் தெரிந்த நல்ல கை கிடைப்பது லேசில்லை, எப்போது முடிகிறதோ அப்போது வரட்டும், இடம் காலியாகவே இருக்கும். பஸ்ஸும் தினம் காலை நேரம் தவறாமல் கிளம்பியது. ஆக அவள் போவதற்கு எந்தத் தடையும் இல்லை, இந்த ஒரு சாயங்காலத்தைத் தவிர.

முதலில் மெக்கானிக்கின் போன் ஓயாமல் அடித்தது. ஊரில் லிப்ட் நிற்பது நிற்குமா? பெஞ்சில் உட்கார்ந்தபடியே போன் வழியாக மாட்டிக்கொண்டவர்களிடம் அவர் பேசினார். பாயின் மறுகோடியில் இருந்து லென்ஸ்காரம்மா அந்தக் குரலைக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒரு பொம்பளையிடம், "நான் எங்கயும் போகமாட்டேன்" என்று அவர் சொன்னபோது அவளுக்கு வயிறு எரிந்தது. பிறகு போனில் சார்ஜ் தீர்ந்தது. பேசிப் பழகிய வாய் கொஞ்ச நேரம் சும்மா அசைந்தது. அவர் சூரியனைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். லிப்ட் மாதிரி பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது எது என்று அவருக்குத் தெரியாதா? பாயில் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை அவள் காதருகே கொண்டுவந்து ஆரம்பித்தார். "பயப்படாதே. காத்து வருது. நான் இங்கதான் இருக்கேன்."

அடேயப்பா, அந்த மனுஷருக்குள் அவ்வளவு பேச்சா! முதன்முதலில் அவளைப் பார்த்தபோது அவள் விரல் நுனியெல்லாம் கண்ணாடிப் பொடி மின்னியதைச் சொன்னார். அவள் வைக்கும் ரசத்தைப் பற்றி, அவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதைப் பற்றி, அவள் அழுத நாட்களைப் பற்றி எல்லாம் சொன்னார். அத்தனையும் பார்த்துத்தான் இருக்கிறார், பாவி. மகள் பிறந்த அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு நேரம் கழித்து வந்தார், கையெல்லாம் கிரீஸ், வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை அவள் பதினொரு வருஷமாக மனதில் வைத்திருந்தாள். "உன்னை மேல கொண்டுபோகணும், லிப்ட் நின்னுபோச்சுன்னு சொன்னாங்க. படியில தூக்கிட்டுப் போனாங்க உன்னை. நான் கீழ லிப்ட் குழிக்குள்ள இறங்கிட்டேன், உன்னைத் திரும்பக் கொண்டுவரும்போதாவது ஓடணுமேன்னு. அங்க இருக்கும்போதுதான் பாப்பா அழுதது. குழி வழியா கேட்டுச்சு. உனக்கு முன்னாடி நான்தான் கேட்டேனோ என்னமோ." லென்ஸ்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அதன் பிறகு மகள் பெஞ்சில் கண்ணயரும்போதெல்லாம் பந்தை எறிந்தது அவள்தான். அவர் பார்க்காத பக்கமாகத் திரும்பி எறிவாள். நாய் படுத்தால் கதவு திறந்துவிடும், கதவு திறந்தால் இந்த வாய் மூடிவிடும், அது அவளுக்குத் தெரியும்.

அங்கே யாருக்கும் வயது ஏறவில்லை, தடியனைத் தவிர. சாயங்காலத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது அது ஒன்றுதானே, பாரமெல்லாம் அதன் மேல்தான் இறங்கியது. முதலில் மூக்கைச் சுற்றி நரைத்தது, பிறகு புருவம். பந்தைக் கவ்விய இடத்தில் ஒருநாள் ஒரு பல் பதிந்து வந்தது. பின்னங்கால்கள் விலகி விலகிப் போயின. ஓட்டம் நடையாயிற்று, நடை இழுப்பாயிற்று. ஆனாலும் எறிந்தால் போகும். ஒருமுறை போனது பாதி வழியில் நின்றுவிட்டது. நாலு காலையும் அகட்டி, விழாமல் இருக்கத் தலையைத் தொங்கப் போட்டு, மகளைப் பார்க்காமல் லென்ஸ்காரம்மாவைப் பார்த்தது. கடைசியாக எறிந்தது அவள். அதன் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. லென்ஸ் பார்த்துப் பழகியவளுக்கு, நாய்க்குப் பாதிதான் தெரிகிறது என்று உடனே விளங்கிவிட்டது. காதருகே வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார். அவள் எழுந்தாள்.

பந்தை எடுத்துக் கைப்பையில் போட்டு இழுத்து மூடினாள். "போதும்டா தடியா, படு." அது படுக்கவில்லை. படுக்கக் கூடாது என்று அதன் மண்டையில் ஏறிப்போயிருந்தது. இடுப்பை அழுத்தினாள், நடுங்கியதே தவிர மடங்கவில்லை. மகள் ஓடி வந்து, "வேணாம்மா, விடும்மா, நான் இன்னும் எறியறேன்" என்று அவள் முதுகில் அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டு லென்ஸ்காரம்மா புல்லில் நீட்டிப் படுத்தாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமெல்லாம் போய்விட்டது. கையை விரித்து வைத்தாள். தடியன் வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு முன்னங்கால், பிறகு பின்னங்கால், பிறகு தலை என்று அந்தக் கையின் மேல் இறங்கியது. சூரியன் தொட்டிக்குப் பின்னால் போயிற்று. இருட்டிவிட்டது. "அன்னிக்கு நீ மட்டும்…" என்று சொல்லிக்கொண்டிருந்த மெக்கானிக் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்.

அப்படித்தான் நடக்கும் என்று தெரிந்திருந்தும் லென்ஸ்காரம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். இருட்டில் அவர் டீ பிளாஸ்க்கின் மூடியைத் திருகும் சத்தம் மட்டும் கேட்டது. மகள் தேம்பிக்கொண்டே பாயைச் சுருட்டினாள். காவல்காரர், "ஒருவழியா…" என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தடியனை மெக்கானிக் தோளில் தூக்கிக்கொண்டார். கேட்டுக்கு வெளியே வலதுபக்கம் வீடு, இடதுபக்கம் பஸ் நிலையம். வெளியேயும் அப்போது அந்திதான், காலையில் போன வெளியூர்ப் பஸ் திரும்பி வரும் ஹாரன் கேட்டது.

"காலையில பெட்டியை எடுத்துக்கறோம்" என்றாள் அவள்.

அவர் நின்றார். பிறகு வந்தது ஒரு குரல். லிப்ட் கதவிடுக்கில் பேசும் குரல் இல்லை அது. கட்டையாக, பாதியில் உடைந்து, யாரிடமும் பயன்படுத்தாததால் துருப்பிடித்துப்போய் இருந்தது.

"போகாதே."

"இத்தனை நேரம் பேசினீங்களே, இதை அங்கயே சொல்றதுக்கு என்ன?"

"அங்க நீ மாட்டிக்கிட்டு இருந்தே. மாட்டிக்கிட்டவங்ககிட்ட எதுவும் கேக்கக் கூடாது. இப்ப… கதவு திறந்திருக்கு. நீ போலாம். அதனாலதான் கேக்கறேன்."

லென்ஸ்காரம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் எங்க மாட்டிக்கிட்டு இருந்தேன்? பொண்ணு தூங்கினப்ப அந்தப் பந்தை எறிஞ்சது யாருன்னு நினைச்சீங்க, காவல்காரரா?" என்று கேட்டுவிட்டு, "கொடுங்க, ஒரு பக்கம் நான் பிடிக்கறேன்" என்று தடியனின் பின்பாதியைத் தாங்கிக்கொண்டாள். அவர்கள் வலதுபக்கம் திரும்பினார்கள்.

அதன் பிறகு மெக்கானிக் பேசக் கற்றுக்கொண்டார் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். இன்னமும் வீட்டில் "உப்பு"தான், "ம்"தான். சில மாதங்கள் பெட்டி மறுபடியும் வாசலுக்கு வரும், சில மாதங்கள் பரணுக்குப் போகும். ஞாயிறு மட்டும் நாலு பேரும் பூங்காவுக்கு வந்துவிடுகிறார்கள். தடியனுக்கு இப்போது முடிவதில்லை, பாயை விரித்த சூட்டோடு படுத்துவிடுகிறது. அதனால் அந்தப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கே இருட்டிவிடும். நடக்க வருகிறவர்கள் கையில் டார்ச் கொண்டுவருகிறார்கள், நாயை மிதித்துவிடாமல் சுற்றிப் போகிறார்கள். கிளிக்காரப் பெரியவருக்கு ரொம்ப சந்தோஷம். அந்த இருட்டில், பாயின் மேல், ஒரு கட்டைக்குரல் எப்போதாவது இரண்டு வார்த்தை பேசுவதும், ஒரு பொம்பளை, "ம், அப்புறம்?" என்று கேட்பதும் காதில் விழும்.