இரண்டு தட்டினால் போகலாம்

மூன்றாவது முறையாகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். வயிற்றில் ஒன்றுமில்லை, இருந்ததெல்லாம் முதல் இரண்டு முறையிலேயே போய்விட்டது. பயம் மட்டும்தான் பாக்கி. அதுவும் ஒரு யானை அளவுக்கு. அந்த நாலடி அறையில் எனக்கும் யானைக்கும் சேர்த்து இடம் போதவில்லை. என் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தத்தில் பக்கத்து அறைக்காரர், "ஆள் இருக்குங்க, தட்டாதீங்க" என்றார்.

வெளிக்கதவுக்கு அப்பாலிருந்து மகளின் குரல் வந்தது. "அப்பா, உள்ள என்ன பண்றீங்க? அவங்க பாட ஆரம்பிச்சுட்டாங்க."

"தொண்டைய சரி பண்றேம்மா."

"அங்கயா?"

என் மகளுக்கு ஊர்க் கலையரங்கில் வேலை. தற்காலிக வேலைதான். நமக்கெல்லாம் முன்பே இந்த மண்ணில் இருந்தவர்களான மலைக்காரர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடப்போகிறார்கள், கூப்பிடும் ஊர் பதிலுக்குத் தன் பாட்டைத் தர வேண்டும் என்று தெரிந்ததும் ராப்பகலாக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள். கடைசிக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது: 'உங்கள் ஊர் எதைப் பாடும்?' அவள் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் நான் அதை நிரப்பிவைத்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? 'அறுநூறு வருஷப் பழமையான வழிப்பாட்டு. தலைமைப் பாடகர்: அடியேன்.' முதலில் நானூறு என்றுதான் அடித்தேன். பார்வைக்குக் கொஞ்சம் ஒல்லியாக இருந்தது. அவள் வந்து சிரித்துவிட்டு அழிக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கீழே 'அனுப்பு' என்று ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். பச்சையைப் பார்த்தால் என் கை கேட்காமலே 'போகலாம்' என்றுவிடும்.

இருபத்தேழு ஊர்களில் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் அந்த ஒரு வார்த்தை. அவர்களுடையதும் வழிப்பாட்டாம், நடக்கிற வழியை ஒவ்வோர் இடமாகப் பேர் சொல்லிப் பாடுவது. காலையில் வேனிலிருந்து இறங்கிய மேளக்காரம்மா காலைக் கீழே வைத்ததும், "வழிப்பாட்டுக்காரர் யாரு?" என்று கேட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். அவள் அம்மா ஆயுள் முழுக்கப் பார்த்த பார்வையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

சந்தைக்கு இறங்கி வந்து வந்து நம் பேச்சும் அந்த அம்மாவுக்கு நன்றாக வருகிறது. மேடையோரமாக உட்கார்ந்து மேளத்தைத் துடைத்தபடியே முறையைச் சொன்னாள்.

"நாங்க பாதி பாடி நிறுத்துவோம் அண்ணே. அப்புறம் நீங்க பாடணும். வாங்கிக்கிட்டுதான் மீதியக் குடுப்போம்."

"வாங்கிக்க ஒண்ணுமில்லன்னா?"

மடியில் இருந்த சிவப்புத் துணியைத் தொட்டுக் காட்டினாள். "மேளத்த மூடிக் கட்டிருவோம். அந்த ஊர்ல மறுபடி அவுக்க மாட்டோம்."

"எங்க பாட்டு அவ்வளவு பழசில்லம்மா."

"பழசு எதுக்கு? வழி சரியா இருக்கணும். எங்க பாட்டுல ஒரு பாறை பேர் தப்பினா, அத நம்பி நடக்கிற ஆளு தொலைஞ்சு போயிருவான்."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. அப்போதுதான் நான் முதல்முறை கழிப்பறைக்கு ஓடினேன்.

இப்போது கதவுக்கு வெளியே மகள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க அரங்க மேனேஜர் முன்வரிசையில உக்காந்திருக்கார். உங்கள யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கப்பா. அந்தக் கட்டத்த நான்தான் நிரப்பினேன்னு சொல்லிட்டேன்."

தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். யானையும் கூடவே வந்தது.

அரங்கில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஏழு பேர். ஆறு கடலில் சேருமிடத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு பாறையாகப் பேர் சொல்லி மேலே ஏறுகிற பாட்டு. வார்த்தை புரியாவிட்டாலும் மூச்சு வாங்குவது புரிந்தது. ஏதோ ஓர் அருவிக்குக் கீழே, காலைத் தூக்கிய ஆளை அப்படியே நிறுத்திவைத்ததுபோலப் பாட்டு நின்றது. மேளக்காரம்மா என்னைப் பார்த்தாள். மொத்த அரங்கமும் பார்த்தது. முந்நூறு பேர்தான்; எனக்கு மூன்று லட்சமாகத் தெரிந்தது. மேடையேறினேன்.

கைக்கு அகப்பட்டது ஒரு மரப்பெட்டி. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டுக்கு பஸ் நிற்க வேண்டும். "மணிக்கூண்டே!" என்று கத்தினேன். குரல் என்னுடையதாகவே இல்லை. கழுத்தைத் திருகிய சேவலுடையது. இரண்டு தட்டு. இரண்டு தட்டினால் போகலாம். ஒரு தட்டு. "மீன் மார்க்கெட்டே!" இரண்டு தட்டு. "பழைய பாலம்! புதுப் பாலம்! ரெண்டுக்கும் நடுவுல எறங்கறவங்க இப்பவே எந்திரிங்க!" பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. "மில் கேட்டு! படியில நிக்காதீங்க, உள்ள வாங்க! பள்ளிக்கூடம்! கோர்ட்டு!" பேர்கள் தாமாக வந்தன, பழைய இழுப்போடு, கடைசி எழுத்தைக் காற்றில் விட்டுவிட்டு. நெற்றியில் வழிந்த வியர்வையில் ஒரு படகே விடலாம். பதினெட்டாவது, "ஆஸ்பத்திரி!" இரண்டு தட்டு.

அடுத்தது வரவில்லை.

முப்பத்தோரு வருஷம், நாளுக்கு எட்டு நடை கத்திய பேர். துடைத்துவிட்டதுபோல் மறந்துபோயிருந்தது. ஒரு தட்டு தட்டி பஸ்ஸை வேறு நிறுத்திவிட்டேன். கை பெட்டிமேல் கிடந்தது. பக்கவாட்டில் மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகத்தைக் கடித்தபடி. முன்வரிசையில் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பாறை தப்பினால் ஆள் தொலைந்துபோவான் என்று அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. தொலைந்தவன் நான்தான், ஆனால் என்னை நம்பி நடந்தவள் அந்தக் கதவோரம் நிற்கிறாளே.

டம். டம்.

மேளக்காரம்மா. என்னைப் பார்க்கக்கூட இல்லை. இறங்க ஆளில்லை, விடு, போகலாம் என்று மேளத்தில் இரண்டு தட்டு.

பஸ் நகர்ந்தது. நிஜமாகவே காலுக்கடியில் பலகை ஆடியது. சத்தியமாக நான் ஆட்டவில்லை. "ஐஸ் பேக்டரி!" என்றேன். ஒரு தட்டு என்னுடையது, இரண்டு தட்டு அவளுடையது. "தண்ணித்தொட்டி! சுடுகாடு, ஆள் ஏறினா ஏத்திக்குவோம்! கடைசி ஸ்டாப்பு, எல்லாரும் எறங்குங்க, விட்டுட்டுப் போன சாமான் இருக்கான்னு பாத்துக்கங்க!"

யாரும் இறங்கவில்லை. யாரும் அசையவே இல்லை. கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். மகள் கதவை இன்னும் விடவில்லை. மேளக்காரம்மா மடியிலிருந்த சிவப்புத் துணியை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினாள். மூடிக் கட்டவா, ஓரமாகப் போடவா, தெரியவில்லை; மின்விசிறிக் காற்றில் அது மேளத்துக்கு மேலே விரிந்து நின்றது.