கையால் முடுக்கிய போல்ட்

எக்ஸ்ரே அக்கா ஒரு முதியவரின் முழங்காலைப் படமெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. வேலை நேரத்தில் கூப்பிடும் வழக்கம் அவள் கணவருக்கு இல்லை. அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறவர். மெஷின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார். என்னவோ ஏதோ என்று அவள் ஈயக் கவசத்தைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்தாள்.

"நல்ல சேதிதான். பதறாதே," என்றார். "வண்டி வித்துப்போச்சு."

"எந்த வண்டி?"

"சிவப்பு வண்டிதான். விளம்பரத்தைப் பார்த்துட்டு ஒரு பையன் பொண்டாட்டியோட வந்தான். புதுசாக் கல்யாணம் ஆனவங்க. தெருவுல ஓட்டிப் பார்த்தான், பிடிச்சுப்போச்சு. நீ சொன்ன விலையில ஒரு பைசா குறைக்கலை தெரியுமா! ரெண்டு பேரும் அதுலயே ஏறிக் கிளம்பிட்டாங்க. மலைக்குக் கீழேதான் வீடாம்."

அவள் கண் முன்னால் அந்த வண்டியின் முன் சக்கரம் வந்து நின்றது.

முந்தின நாள் மாலை அவள் கொட்டகையில் உட்கார்ந்து அந்த மோட்டார் சைக்கிளின் முன் பிரேக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தாள். வாங்குகிறவன் கையில் சுத்தமாகப் போக வேண்டும் என்ற எண்ணம். பிரேக்கைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்து வைத்திருப்பவை இரண்டே இரண்டு போல்ட்டுகள். அவற்றைக் கையால் சுற்றி உட்காரவைத்து, ஸ்பானரை எடுக்கத் திரும்பிய நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவசர அழைப்பு. ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து படுத்தவள் காலையில் அடுத்த ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டாள். போல்ட்டுகளுக்கு ஸ்பானர் படவேயில்லை.

தெருவில் இரண்டு சுற்று சுற்றினால் ஒன்றும் தெரியாது. பிரேக் கச்சிதமாகப் பிடிக்கும். ஆனால் ஓட ஓட அதிர்வில் போல்ட் கழன்றுகொண்டே வரும். கழன்று விழுந்தால் பிரேக் கட்டை சரிந்து சக்கரத்துக்குள் சிக்கும், சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் நிற்கமாட்டார்கள். அப்படிப் பறந்து விழுந்தவர்களின் எலும்புகளை அவள் எத்தனையோ முறை இதே அறையில் படமெடுத்திருக்கிறாள்.

"என்னங்க, அவன் நம்பர் இருக்கா?"

"இருக்கே. ஏன்?"

"கூப்பிட்டுக்கிட்டே இருங்க. எடுத்தான்னா வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க. மெதுவா. முன் பிரேக்கைத் தொடவே கூடாதுன்னு சொல்லுங்க."

"ஏன், என்னாச்சு? நான் ஏதாவது…"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. நான்தான்."

பக்கத்து அறைப் பெண்ணைக் கூவி அழைத்து முழங்காலை ஒப்படைத்துவிட்டு அவள் வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி, மலைச்சாலை இறங்கத் தொடங்கும் இடத்தில்தான் இருந்தது. அவர்கள் இந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும்.

வண்டி வாங்கும் கிறுக்கு அவளுக்கு முதல் சம்பளத்தோடு பிடித்தது. அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வண்டிக்குக் கைவளையல் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு கொட்டகை எழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சோறு வடிக்க வேண்டும். மாடி கட்ட வேண்டும் என்ற பேச்சு பேச்சாகவே நின்றது. தங்கை கல்யாணத்துக்குச் செய்ய நினைத்ததில் பாதிதான் செய்ய முடிந்தது. தங்கை அதைச் சொல்லிக்காட்டியதில்லை, மறந்ததுமில்லை.

கிடைத்ததும் கொஞ்சமல்ல. விடியலில் பனி விலகாத சாலைகள், யாரையும் கேட்காமல் போய்த் திரும்பிய ஊர்கள். பஸ் தவறவிட்டுத் துணி மூட்டையோடு நின்ற ஒரு தையல்காரரைப் பரிதாபப்பட்டுப் பின்னால் ஏற்றிக்கொண்டது. அவர் வழி நெடுக மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு, தோளில் விரல்கூடப் படாமல் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, "உங்க சட்டைக்குத் தோள் அளவு தப்பா எடுத்திருக்காங்க," என்றார். அந்தப் பேச்சு கல்யாணத்தில் முடிந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு வலது வளைவில் மணல் வாரிவிட, அவள் விழுந்தாள். யாரும் பார்க்கவில்லை. தானே எழுந்து, வண்டியையும் தூக்கி நிறுத்தி, வீட்டுக்கு வந்து வாய் திறக்காமல் இருந்துவிட்டாள். அன்றிலிருந்து வலது வளைவு வந்தாலே விரல்கள் மரத்துப்போகும். புது வண்டி வாங்கினால் பயம் போய்விடும் என்று அவளே நினைத்துக்கொண்டு கறுப்பு வண்டியை வாங்கினாள். பயம் போகவில்லை. கொட்டகையில்தான் இடம் போயிற்று. ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்று கணவர் முதல்முறையாகக் கறாராகச் சொல்ல, சிவப்பை விற்பதாக முடிவாயிற்று.

இப்போது அந்தக் கறுப்பு வண்டியில்தான் மலைச்சாலையில் இறங்கினாள்.

ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் கண் சாலையைப் பார்க்கவில்லை, சாலையோரத்தைத்தான் பார்த்தது. சிவப்பாக எதுவும் கிடக்கிறதா? ஒரு வளைவில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அருகில் போனால் யாரோ காயப்போட்டிருந்த போர்வை. வலது வளைவுகளில் விரல்கள் வழக்கம்போல் மரத்தன. 'விழுந்தா நான் ஒருத்திதான், அங்கே ரெண்டு பேர்,' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சாய்ந்தாள். தலைக்கவசத்துக்குள் தன் குரல் யாரோ அழுகிற குரல் மாதிரி கேட்டது.

மரப்பட்டறை தாண்டியதும் கண்ணில் பட்டார்கள். அவன் நிதானமாகத்தான் ஓட்டினான், போனை எடுத்ததாகத் தெரியவில்லை. மனைவி பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டியிருந்தாள். துப்பட்டா காற்றில் ஆடியது.

எக்ஸ்ரே அக்கா விடாமல் ஹாரன் அடித்தாள். கையை ஆட்டினாள். "நில்லுப்பா! நில்லு!" என்று கத்தினாள்.

பின்னாலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். கழுத்திலிருந்து முழங்கால்வரை தொங்கும் ஈயக் கவசத்தோடு, துரத்தி வருகிற ஒரு கறுப்பு உருவம். அவள் கணவனின் காதில் ஏதோ சொன்னாள். அவன் வேகத்தைக் கூட்டினான்.

எக்ஸ்ரே அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்களைச் சாகவிடக் கூடாதென்று துரத்துகிறவள்தான் அவர்களைச் சாவை நோக்கி விரட்டிக்கொண்டிருக்கிறாள். ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். விட்டுவிட்டுப் பின்தங்கவும் முடியாது, கூடவே போகவும் முடியாது. முந்திப் போவது ஒன்றுதான் வழி. முன்னால் வருவதோ நீண்ட வலது வளைவு.

எதிரில் வண்டி வருகிறதா என்று ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை முறுக்கினாள். அவர்களைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை, அவசர வேலையாகப் போகிற எவளோ போல நேராகப் பார்த்துக்கொண்டு போனாள். ஆனாலும் ஒரு சத்தம் காதில் விழுந்துவிட்டது. முன் சக்கரத்தில் இரும்பு இரும்போடு மெல்லத் தட்டுகிற சத்தம். ஒரு போல்ட் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

வளைவு முடிந்து சாலை சற்றே மேடேறும் இடத்தில், வெகுதூரம் முன்னால் போய், வண்டியை நிறுத்தி இறங்கினாள். மேடென்றால் அவர்கள் வேகம் தானாகவே குறையும். தலைக்கவசத்தைக் கழற்றிக் கீழே போட்டாள். நரைத்த தலையும் ஈயக் கவசமுமாக நடுச்சாலையில் நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள். பயமுறுத்துகிற மாதிரி இல்லாமல், கும்பிடுகிற மாதிரி.

வண்டி மேடேறியது. வேகம் குறைந்தது. மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. 'அவ்வளவுதான், அவ்வளவுதான்,' என்று அவள் நிம்மதியாக மூச்சு விடப்போகும் சமயத்தில் அவன் முன் பிரேக்கைப் பிடித்தான்.

டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் நின்றது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து இருவரையும் தார்ச்சாலையில் கொட்டியது.

அவன் உடனே எழுந்துவிட்டான். அவள் எழவில்லை. உட்கார்ந்தபடி வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு கரண்டிக்காம்பு வளைந்த மாதிரி வளைந்திருந்தது. படமெடுக்காமலே எக்ஸ்ரே அக்காவுக்கு முறிவு தெரிந்துவிட்டது.

"என் தப்பும்மா," என்றான் அவன், எக்ஸ்ரே அக்காவிடம். "புது வண்டி, கை பழகலை. பிரேக்கை அழுத்திட்டேன். என் தப்புதான்."

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுகூட இல்லை. சும்மா இருந்தாலே போதும். அந்த ஒரு மூச்சு நேரம் அவள் சும்மாதான் இருந்தாள். அதை நினைத்தால் பின்னாளிலும் அவளுக்கு உடம்பு கூசும்.

"உன் தப்பில்லப்பா. அந்த வண்டி என்னுது. பிரேக்கைக் கழட்டி மாட்டினேன், போல்ட்டை முடுக்காம விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான் துரத்திக்கிட்டு வந்தேன்."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "வளைவுல நடந்திருந்தா?" என்றான். "கீழே பாருங்க. எவ்வளவு பள்ளம் பாருங்க. பொண்டாட்டியை உட்கார வச்சுக்கிட்டு வந்திருக்கேன். மனுஷங்களா நீங்க?"

அவள் தலைகுனிந்து நின்றாள். அவன் கேட்டதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை.

வழியில் வந்த காய்கறி வேனை நிறுத்தி இருவரையும் ஏற்றிவிட்டுப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். படமெடுக்க அவளே உள்ளே அழைத்துப் போனாள். வேறு யாரிடமாவது விட்டிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பெண்ணின் கையை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டு, வயதுப் பெண்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைப் பழக்கதோஷத்தில் கேட்டாள்: "உண்டாகியிருக்கியாம்மா?"

பெண் கதவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருக்கலாம்னு நினைக்கிறேன். அவர்கிட்ட இன்னும் சொல்லலை. நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லலாம்னு…" என்றாள். சொன்னவளின் கண்கள் விரிந்தன. "விழுந்ததுல ஏதாவது ஆகியிருக்குமா அக்கா?"

எக்ஸ்ரே அக்காவுக்கு மலைச்சாலையில் பட்டதெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. தன் உடம்பிலிருந்த ஈயக் கவசத்தைக் கழற்றி அந்தப் பெண்ணின் வயிற்றைச் சுற்றிப் போர்த்தினாள். நாடாவை இழுத்துக் கட்டினாள். "டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், பயப்படாதே," என்று வாய் சொன்னது. பயப்படாதே என்று சொல்ல அவளுக்கு என்ன அருகதை?

டாக்டரம்மா வந்து பார்த்தார். சோதித்தார். கரு இருப்பது உண்மைதான், இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில நாள் கவனமாக இருக்க வேண்டும் என்றார். அந்தச் 'சில நாள்' எக்ஸ்ரே அக்காவைத் தூங்கவிடவில்லை. தினமும் அவர்கள் வீட்டுக்கு போன் செய்தாள். முதலில் அவன் எடுத்து, "நல்லா இருக்கா," என்று வைத்துவிடுவான். பிறகு அந்தப் பெண்ணே எடுத்தாள். "கட்டு அரிக்குது அக்கா, வேற ஒண்ணுமில்லை," என்று சிரித்தாள்.

விபத்து நடந்த அன்று சாயங்காலமே தையல்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து பஸ் ஏறியிருந்தார். முதல் வேலையாக அந்தப் பையனிடம் போய், வாங்கிய பணத்தை அப்படியே கையில் வைத்தார். வைத்தியச் செலவு தங்களுடையது என்றார். பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றாள் அவள். அவரிடம் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. மழைக்காலத்தில் விழுந்ததையும் அப்போதே சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"முப்பது வருஷமா நான் பயந்துக்கிட்டிருக்கேன். நீ இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கே," என்றார்.

"ஒரு நாள்கூடச் சொல்லலையே?"

"சொன்னா நிறுத்தியிருப்பே. நிறுத்தினா வீட்டுக்குள்ள வேற ஆளா இருந்திருப்பே. அந்த ஆளோட நான் என்ன பேசறது?" தைத்த துணியை நீவிவிடுவதுபோல் முழங்காலை நீவிக்கொண்டார். "நீ வர லேட்டானா மெஷினை வேகமா மிதிப்பேன். தெருவுல உன் வண்டிச் சத்தம் கேட்டாத்தான் கால் நிக்கும். எத்தனை சட்டைக்குக் கை கோணலாப் போயிருக்கு தெரியுமா?"

கட்டாத மாடியும் போன வளையலும் அவளுக்கு அப்போது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. இந்த மனிதர் ஆண்டாண்டாக மிதித்த மிதிக்கான கடனை யாரிடம் கொண்டுபோய்க் கட்டுவது?

அடுத்து வந்த மாதங்களில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. வாங்க வருகிறவனை உட்காரவைத்து, அவன் கண் முன்னாலேயே ஒவ்வொரு போல்ட்டிலும் ஸ்பானர் வைத்துக் காட்டினாள். சிலர் இவளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். சிவப்பு வண்டியை மட்டும் விற்கவில்லை. பிரித்து, இரும்புக்குப் போட்டாள். கொட்டகையும் இறங்கியது. சமையலறையில் வெயில் விழுந்த முதல் நாள், சுவரில் இத்தனை அழுக்கா என்று இருவரும் திகைத்தார்கள்.

கறுப்பு வண்டி மட்டும் மிஞ்சியது. அதில்தான் இன்னும் வேலைக்குப் போகிறாள். வலது வளைவில் விரல்கள் இன்னும் மரக்கின்றன, அந்தப் பயத்தோடேயே சாய்கிறாள். புது வண்டிகளின் படம் வந்தால் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்க்கிறாள். ஆசைக்கு வெட்கம் ஏது?

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும், தலைக்கவசத்தைக் கழற்றும் முன்பே, வீட்டுக்குப் போன் அடிக்கிறாள்.

"வந்துட்டேங்க."

"சரி," என்கிறார் அவர். பின்னாலேயே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, நிதானமாக.